பெயரோடு சொன்ன சவிரிமுத்தர்

சென்ற சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுப் படலையில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் மணி அடிக்கவில்லை. மணி அடிக்காமல் நிற்கிறவர்கள் எத்தகைய செய்தியோடு வருவார்கள் என்பது இந்த வயதில் எனக்குத் தெரியும். எழுந்து போக மனம் வரவில்லை. இருந்த இடத்தில் இருக்கவும் முடியவில்லை.

வந்தவர் குருநகர்ச் சவிரிமுத்தரின் மருமகன். செம்பில் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்த பின்புதான் வாய் திறந்தார்.

"மாமா வியாழக்கிழமை விடிய மோசம் போயிட்டார், ஐயா. வெள்ளிக்கிழமை அடக்கம் முடிஞ்சுது. இருந்த அந்தரத்தில உங்களுக்கு ஆளனுப்ப ஏலாமல் போச்சு."

"என்ன வருத்தம்?"

"இருமல்தான். கடைசி வரைக்கும் கதைச்சுக்கொண்டுதான் இருந்தவர்."

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க ஒரு சிறிய பிரசுரம் அச்சிடுகிறார்களாம். அதற்கு நான் எழுத வேண்டும் என்றார். "கந்தோரில அவரோடை இருந்த ஆக்களில மிஞ்சினது நீங்கள்தான். அந்த உப்புக் கதையை எழுதுங்கோ." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பேர் போட விருப்பமில்லையெண்டால் 'ஒரு நண்பர்' எண்டு போடுவம். மற்றப் பக்கத்து ஆக்கள் இன்னும் இருக்கினம்தானே. உங்கடை பழைய ஸ்டோர்க்கீப்பற்றை மகனும் இப்ப பெரிய உத்தியோகத்தில" என்று சேர்த்துக்கொண்டார்.

நான் பயந்தவன் என்று மாமனார் அவருக்கு ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறார் என்று தெரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்று தொடங்கி எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். இதை எழுத நான் தகுந்தவன்தானா, எழுதினால் யாருக்காவது மனம் நோகுமா, நினைவில் உள்ளதெல்லாம் நடந்ததுதானா என்ற கேள்விகள் ஒன்றும் தீரவில்லை. தீராமலே எழுதுகிறேன்.

ஒழுங்காகச் சொல்வதானால் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். வடமராட்சியில் கடனீரேரிக் கரையில் அரசாங்க உப்புக் களஞ்சியம் ஒன்று இருந்தது. அந்த ஊரின் பெயரையும், களஞ்சியத்துக்குப் பொறுப்பாயிருந்த ஸ்டோர்க்கீப்பரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. ஸ்டோர்க்கீப்பரும் காலமாகிவிட்டார். பதில் சொல்ல முடியாதவரின் பெயரை அச்சில் ஏற்றுவது சவிரிமுத்தருக்கும் பிடித்திராது. வெயில் காலத்தில் கரையில் விளையும் உப்பை அள்ளி வந்து அம்பாரமாகக் குவித்து, பனையோலையால் மூடிவைப்பது அங்குள்ள வழக்கம். எவ்வளவு மூடினாலும் மாரி மழையில் கொஞ்சம் கரையும். கரைந்த நீர் ஒரு வாய்க்கால் வழியாகக் களஞ்சியத்தின் பின்புறம் போய்ப் பரவி நிலத்துள் இறங்கும். இந்த வாய்க்காலை வாசிப்பவர்கள் மறந்துவிடக் கூடாது.

களஞ்சியத்தின் அலுவலகமான கந்தோரில் நாங்கள் இரண்டு கிளாக்கர்மார். சவிரிமுத்தர் எனக்குச் சில வயது மூத்தவர். குருநகரில் கடலோடு பிழைத்த குடும்பத்தில் பிறந்து, இங்கிலிஷ் படித்து மேசைக்கு வந்தவர். நான் கரவெட்டித் தோட்டக்காரரின் மகன். முதல் நாளே அவர் தம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்கு வெளியே, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, என் மூக்குக்கு எட்டாத இடமாகப் போய் உட்கார்ந்தார். உள்ளே வந்து சாப்பிடச் சொன்னேன்.

"வேண்டாம் காணும். என்ரை மீன் உம்மடை சைவத்துக்குப் பயம். உம்மடை சைவம் என்ரை மீனுக்குப் பயம். ரண்டும் தூரத் தூர இருந்தால் சினேகிதமாயிருக்கும்."

சில மாதங்கள் கழித்து நான் என் சோற்றைக் கொண்டுபோய் அவருக்குப் பக்கத்திலே உட்கார்ந்தேன். காற்று என்னவோ என் பக்கம்தான் வீசியது. பழகிவிட்டது.

ஸ்டோர்க்கீப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் எங்களை அன்பாக நடத்தினார். என் மனைவிக்குப் பிரசவ வேதனை கண்ட அன்று தம் வண்டியைக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் அவர். இதை எழுதாவிட்டால் மற்றதை எழுத எனக்கு உரிமை இல்லை. எங்கள் பகுதி மனிதர்களுக்கு உள்ள பலவீனம் ஒன்று அவருக்கும் இருந்தது. வெறும் நிலத்தைக் கண்டால் கை சும்மா இராது. உமரிப் பூண்டைத் தவிர வேறொன்றும் முளைக்காத அந்தக் களஞ்சியத்தின் பின்புறத்தில், வாய்க்கால் முடிகிற இடத்தில், வண்டியில் செம்மண் இறக்கி, ஆட்டெரு போட்டு, காவற்காரன் கதிரனைக் கொண்டு பாத்தி கட்டிப் பசளிக் கீரை நட்டார். வெட்ட வெட்டத் துளிர்த்தது. வாழைநாரால் கட்டிய கீரைக் கட்டொன்று அடிக்கடி எங்கள் மேசைகளில் இருக்கும். நான் அதை விருப்பத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அந்த வருஷத்து மாரி கடுமையாக இருந்தது. மழை விட்டதும், அம்பாரத்தில் பெரும்பகுதி கரைந்துபோய்விட்டது என்று ஸ்டோர்க்கீப்பர் மேலிடத்துக்கு அறிவித்தார். கதிரன் ஓலையைச் சரியாக மூடாததே காரணம் என்றும் எழுதினார். கதிரனின் வேலை போவது நிச்சயமாயிற்று. அவன் கந்தோர் வாசலில் வந்து கைகளை விரித்துக் காட்டியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

"ஐயா, நான் மூடினனான். ஓலை கீறின காயத்தைப் பாருங்கோ. மூடாதவனுக்கு உது வருமோ?"

"வேலை போற நேரத்தில எல்லாரும் மூடினவைதான்" என்றார் ஸ்டோர்க்கீப்பர், தலையை நிமிர்த்தாமல்.

அன்று மத்தியானம் நானும் சவிரிமுத்தரும் களஞ்சியத்தின் பின்புறம் சாப்பிட்டுவிட்டு நின்றோம். எதையாவது சொல்ல வேண்டுமே என்று நான்தான் தொடங்கினேன்.

"அண்ணை, இந்த மழைக்கு எங்கடை தோட்டத்துப் பசளியே அழுகிப்போச்சு. உது என்ன செழிப்பாய் நிக்குது."

சவிரிமுத்தர் பாத்தியைப் பார்த்தார். பிறகு வாய்க்காலைப் பார்த்தார்.

"வாய்க்கால் எங்கை போய் முடியுது?"

"உந்தப் பாத்தியடியிலைதான்."

"அவ்வளவு உப்பும் கரைஞ்சதெண்டால் உதாலைதானே ஓடியிருக்க வேணும்? எங்கடை மீன் வாடியிலை கருவாட்டுத் தண்ணி ஊத்தின இடத்திலை புல்லும் முளைக்காது. எனக்குத் தோட்டம் தெரியாது. நீர் தோட்டக்காரன்ரை மகன், நீர் சொல்லும். உப்புத் தண்ணி ஓடின பாத்தியிலை பசளி நிக்குமோ?"

ஸ்டோர்க்கீப்பரின் வண்டி நினைவுக்கு வந்தது. "நிக்காது" என்றேன், எனக்கே கேளாத குரலில்.

"சத்தமாய்ச் சொல்லும் காணும். பசளிக்குக் காது கேளாது."

உப்பு கரையவில்லை. மழைக்கு முன்பே வேறெங்கோ போயிருக்கிறது. இருவருக்கும் அது அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. அவர் முகத்தில் வெற்றி எதுவும் தெரியவில்லை. வலையில் வேண்டாத பாரம் ஏறியவரைப் போல நின்றார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். எங்கள் பகுதியில் எவருக்கும் முதலில் தோன்றும் யோசனைதான் அது. மொட்டைப் பெட்டிசம். பெயர் போடாமல் மேலிடத்துக்கு ஒரு மனு எழுதித் தபாலில் போட்டுவிட்டால் எங்களுக்கும் பயமில்லை, உண்மையும் போய்ச் சேரும் என்றேன்.

"உண்மை போய்ச் சேராது" என்றார் சவிரிமுத்தர். "மொட்டைப் பெட்டிசக்காரன் கல்லை எறிஞ்சுபோட்டு வேலிக்குப் பின்னாலை குந்தியிருக்கிறவன். கல்லு ஆரின்ரை தலையிலை விழுந்ததெண்டு அவனுக்கே தெரியாது."

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முந்திய வருஷம் ஊரில் யாரோ ஸ்டோர்க்கீப்பர் மேல் அப்படி ஒரு பெட்டிசம் போட்டிருந்தார்கள். குடிக்கிறார், பெண் வைத்திருக்கிறார், கோயில் காணியைப் பிடித்தார் என்று மனம் போனபடி எழுதியிருந்தது. மேலிடத்துத் துரை வந்து விசாரித்தார். ஸ்டோர்க்கீப்பர் கள்ளைக் கையாலும் தொடாதவர் என்பது ஊருக்கே தெரியும். எல்லாம் பொய்யென்று முடிந்தது. அதன் பின் ஸ்டோர்க்கீப்பர் கந்தோருக்கு நடுவில் நின்று, "எழுதின கை ஆரின்ரை கையெண்டு எனக்குத் தெரியும். வடிவான எழுத்து" என்றார். கந்தோரில் வடிவான எழுத்து என்னுடையது. நான் எழுதவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் பார்க்கும்போதெல்லாம் எழுதியவனைப் போல வியர்த்தேன்.

ஆகவே சவிரிமுத்தரின் முடிவு நேரே போய்ச் சொல்வதென்பது. அதன் விலை என்னவென்று இருவருக்கும் தெரியும். மேலுத்தியோகத்தர் மீது சொன்ன குற்றம் நிரூபிக்கப்படாவிட்டால் சொன்னவருக்கு வேலை இல்லை. "நீர் வரவேண்டியதில்லை" என்றார். அவரைத் தனியே விட நான் துணிந்தவனல்ல. அவரோடு போகவும் துணிந்தவனல்ல. எப்படியோ கூடப் போவது கொஞ்சம் சுலபமாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை குருநகரில் அவர் வீட்டிலிருந்து புறப்பட்டோம். அவர் மனைவி மதலேனம்மா வாசலில் நின்று என்னிடம் சொல்வதுபோல அவருக்குச் சொன்னார்:

"வேலை போனால் திரும்பக் கடலுக்குப் போவாராம். கேட்டியளோ தம்பி? மேசையிலை குந்தியிருந்து நீச்சலும் மறந்துபோச்சு."

"நீச்சல் மறக்கேல்லை" என்றார் சவிரிமுத்தர். "களைப்புத்தான் கூடிப்போச்சு."

அம்மா சிரிக்கவில்லை. கணவரின் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்ததைப் பூட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

துரையிருந்த பெரிய கந்தோரின் வாங்கில் உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்தோம். நான் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் வரிசைப்படுத்தினேன்; வரிசை குலைந்துகொண்டே இருந்தது. சவிரிமுத்தர் குனிந்து மெதுவாகச் சொன்னார். இது அவர் எனக்குச் சொன்னவற்றில் நான் அதிகம் பயன்படுத்திய வாக்கியம்:

"கண்டதைச் சொல்லும். நினைச்சதைச் சொல்லாதையும். நினைச்சதைச் சொல்ல வெளிக்கிட்டால் கண்டதும் கெட்டுப்போகும்."

துரை எங்களை நிற்கவைத்தே கேட்டார். முந்திய பெட்டிசமும் உங்களுடையதுதானா என்பது அவருடைய முதற் கேள்வி. இல்லை என்றார் சவிரிமுத்தர். அதை நான் எப்படி நம்புவது என்றார் துரை. "இன்று நான் சொல்வதை எழுதி வாருங்கள், ஐயா. ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வைக்கிறேன். பெயரில்லாமல் எழுதுகிறவன் அதைச் செய்யமாட்டான்" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார். ஸ்டோர்க்கீப்பர் களவெடுத்தார் என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. காவற்காரன் கையில் ஓலைக் காயம் இருக்கிறது, வாய்க்கால் இன்ன இடத்தில் முடிகிறது, அங்கே கீரை நிற்கிறது. இவ்வளவுதான்.

"அது தவறாக இருந்தால்?" என்றார் துரை.

"தவறு என் பெயரில் இருக்கும்."

துரை என் பக்கம் திரும்பினார். "நீ என்ன கண்டாய்?"

வரிசைப்படுத்தியதெல்லாம் போய்விட்டது. "கீரையைச் சாப்பிட்டேன், ஐயா" என்றேன். "உப்புக் கரிக்கவில்லை."

துரையின் மீசை ஒருமுறை அசைந்தது. சிரிப்போ கோபமோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்களைப் போகச் சொன்னார்.

அதன் பிறகு வந்த நாட்கள்தான் கொடியவை. ஒரு செய்தியும் இல்லை. நாங்கள் பெரிய கந்தோருக்குப் போய்வந்தது மட்டும் ஸ்டோர்க்கீப்பருக்குத் தெரிந்துவிட்டது. என்ன சொன்னோம் என்பது தெரியவில்லை. அவர் புத்தகங்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கணக்கைப் பற்றித்தான் சொல்லியிருப்போம் என்று எண்ணினார் போலும். கிளாக்கர்மார் வேறு எதைப் பற்றிச் சொல்லுவார்கள்? நான் சாப்பிடவும் மறந்தேன். பின்புறம் போகும்போதெல்லாம், இன்றைக்குப் பாத்தியைப் பிடுங்கியிருப்பார், எங்கள் பேச்சு பொய்யாகப்போகும் என்று எட்டிப் பார்ப்பேன். பாத்தி நின்றது. கதிரனும், போகச் சொல்லும் கட்டளை வராததால், அதற்கு ஆட்டெரு போட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு காலை ஸ்டோர்க்கீப்பர் என் மேசைக்கு வந்தார். வழக்கத்தைவிடப் பெரிய கீரைக் கட்டொன்றை என் தாள்களின் மேல் வைத்தார்.

"மனிசிக்குக் குடும். பிள்ளை சுகமோ?"

"சுகம், ஐயா."

"வண்டி விட்டது ஞாபகமிருக்கோ?"

"இருக்கு, ஐயா."

"ஞாபகமிருந்தால் போதும்" என்றுவிட்டுப் போனார்.

கட்டைத் தொட எனக்குக் கை எழவில்லை. மாலையில் சவிரிமுத்தர் அதைத் தூக்கி என் கையில் தந்தார். "கொண்டுபோய்ச் சமைப்பியும். கீரையிலை ஒரு பிழையுமில்லை" என்றார். வீட்டில் சமைத்தார்கள். என்னால் விழுங்க முடியவில்லை.

துரை முன்னறிவிப்பில்லாமல் வந்தார். புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தார் ஸ்டோர்க்கீப்பர். துரை அவற்றைத் திறக்காமல் களஞ்சியத்தைச் சுற்றி நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். பாத்தியடியில் துரை நின்று, அழகான தோட்டம், எப்போது நட்டது என்று கேட்டார். யாழ்ப்பாணத்தவர் ஒருவரிடம் அவருடைய தோட்டத்தைப் புகழ்ந்துவிட்டால் அதன் பின் அவருக்கு வேறு நினைவு இராது. ஸ்டோர்க்கீப்பரின் முகம் மலர்ந்தது.

"மழைக்கு முந்தி நட்டது, ஐயா. எல்லாரும் அழுகும் எண்டவை. இந்தப் பெருமழைக்கும் ஒரு கொடி அழியேல்லை. வந்த தண்ணி எல்லாம் இதுக்குள்ளாலைதான் ஓடினது."

சொல்லி முடித்த பின்புதான் தாம் சொன்னது அவருக்கே கேட்டது. வாய்க்காலைப் பார்த்தார். அம்பாரத்தைப் பார்த்தார். பிறகு எங்களை அல்ல, கதிரனைப் பார்த்தார். கதிரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு மரியாதையாக நின்றான்.

விசாரணையில் மழைக்கு முன்பு உப்பு ஏற்றிய வண்டிகள் போனது வெளிவந்தது. ஸ்டோர்க்கீப்பர் வேலையை இழந்தார். கதிரன் தன் வேலையில் இருந்தான். இதை வெற்றி என்று வாசிப்பவர்கள் எண்ணக்கூடும். நாங்கள் அப்படி எண்ணவில்லை. ஸ்டோர்க்கீப்பரின் மனைவி வீட்டைக் காலி செய்துகொண்டு போன நாளில் கந்தோர் வாசலைக் கடந்தபோது எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஊரில் எங்களோடு கதைப்பவர்கள் குறைந்தார்கள். களவைப் பிடித்ததற்காக அல்ல. பெயர் போட்டுச் சொன்னதற்காக. மொட்டைப் பெட்டிசம் போட்டிருந்தால், யாரென்று தெரியாததால், எல்லோரும் தொடர்ந்து சிரித்துப் பேசியிருப்பார்கள். சவிரிமுத்தருக்குக் கிடைத்த பரிசு தெற்கே தூரத்துக் களஞ்சியம் ஒன்றுக்கு இடமாற்றம். மதலேனம்மா குருநகரிலேயே தங்கிவிட்டார். சவிரிமுத்தர் வருஷத்துக்குச் சில தடவைகள்தான் வீட்டைக் கண்டார்.

புறப்படும் முன் அவரிடம் கேட்டேன், நாங்கள் செய்தது சரிதானோ என்று. எனக்கு இரவில் உறக்கம் இல்லை என்றும் சொன்னேன்.

"எனக்கும் இல்லை" என்றார். "சரியெண்டால் நித்திரை வரவேணும் எண்டு ஆர் சொன்னது? கதிரன் நல்லாய் நித்திரை கொள்ளுறான். அது போதும்."

பிற்காலத்தில் நாங்கள் சந்தித்தபோதெல்லாம் அவர் அந்தக் கதையைத் தொடங்கமாட்டார். நான் தொடங்கினால், "உப்புக் கரிக்கேல்லை" என்று என் குரலில் சொல்லிக் காட்டிச் சிரிப்பார். ஒருமுறை மட்டும், ஸ்டோர்க்கீப்பர் இறந்த செய்தி கேட்டு, குருநகர்க் கோயிலில் அவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்ததாகச் சொன்னார். "அவர் சைவமல்லவோ" என்றேன். "என்ரை மீன் வாசம் மாதிரித்தான். தூரத்திலை இருந்து செய்தனான்" என்றார்.

அவரிடமிருந்து என்னோடு தங்கியது துணிவு என்று எழுத ஆசை. அது பொய்யாகும். நான் அன்றிருந்தது போலவே பயந்தவனாக இருக்கிறேன். படலையில் யாரும் நின்றால் நெஞ்சு அடிக்கிறது. இந்தப் பக்கங்கள் அச்சில் வந்தால் ஸ்டோர்க்கீப்பரின் மகனின் கண்ணில் படும், என்ன நினைப்பார் என்று யோசித்தே இரண்டு நாட்கள் போயின. என்னோடு தங்கியது, கண்டதையும் நினைத்ததையும் வெவ்வேறு பாத்திரத்தில் வைக்கும் பழக்கம் ஒன்று. இன்னொன்று, மாரிக்கு மாரி என் வளவில் நான் நடும் பசளி. அதை இப்போது விழுங்க முடிகிறது.

நேற்று மருமகன் தாள்களை வாங்கிப்போக வந்தார். வாசித்துப் பார்த்துவிட்டு, "அப்ப 'ஒரு நண்பர்' எண்டு போடட்டோ, ஐயா?" என்றார்.

தாள்களைத் திரும்ப வாங்கி, இதையும் சேர்த்து, அடியில் என் பெயரை எழுதினேன்; எழுத்து முன்போல வடிவாக வரவில்லை. அச்சுக்காரர் வாசிக்கக் கூடியதாக இருந்தால் போதும்.

வே. சிற்றம்பலம்,
ஓய்வுபெற்ற கிளாக்கர்,
கரவெட்டி.